சோர் பஜாரில் கிடைத்த ‘நரம்பு வைத்திய’ மின்பெட்டி: எப்படி வேலை செய்யும், யாருக்காவது உபயோகப்படுமா?

மாட்டுங்கா வாசி:

வணக்கம். மும்பை சோர் பஜார், மட்டன் ஸ்ட்ரீட் கடையில் வாங்கிய மரப்பெட்டி ஒன்று. நீளம் சுமார் 25 செ.மீ., அகலமும் உயரமும் 11 செ.மீ. மூடியின் உள்பக்கம் ஒரு ஆங்கிலத் தாள் ஒட்டியிருக்கிறது. நரம்பு நோய்களுக்கான காந்த மின் எந்திரம் என்ற பொருளில் தலைப்பு. அதற்குக் கீழே கரையான் தின்றது போக மிச்சம்தான்.

உள்ளே குதிரைலாடக் காந்தம், அதன் முனைகளுக்கு எதிரே நூல் சுற்றிய கம்பிச் சுருள் இரண்டு, பித்தளைப் பல்சக்கரம். வெளியிலிருந்து சுற்ற ஒரு கைப்பிடி. துணி சுற்றிய இரண்டு ஒயர்கள், அவற்றின் நுனியில் உள்ளங்கையில் பிடிக்கிற அளவுக்குப் பித்தளைக் குழாய்கள். பேட்டரிக்கு இடமே இல்லை. சுற்றினால் சக்கரம் ஓடுகிறது, குழாய்களைப் பிடித்தால் எதுவும் தெரியவில்லை.

இதை எப்படிச் சோதிப்பது? எந்த நோய்க்கு வைத்தார்கள், குணமானதா? எதிர்வீட்டு மாமி, “ஆஸ்பத்திரியில முழங்காலுக்குக் கரண்ட் வைக்கிறாளே, அந்த மெஷின்தானே, சரிபண்ணிக் குடுங்கோ” என்கிறார். கொடுக்கலாமா?

-----

சுருள்கம்பி:

பேட்டரி இல்லேன்னா மேக்னெட்டோ. சைக்கிள் டைனமோவுக்குத் தாத்தா. 1831-ல ஃபாரடே தூண்டு மின்சாரத்தைக் கண்டுபிடிச்சார், அடுத்த வருஷமே பாரிஸ்ல பிக்ஸி கையால சுத்துற ஜெனரேட்டர் செஞ்சுட்டார். நீங்க சொல்ற அமைப்பைப் பார்த்தா அமெரிக்காவுல 1854-ல காப்புரிமை வாங்கின டேவிஸ்-கிடர் வகை, இல்லேன்னா அதைப் பார்த்து இங்கிலாந்துல பண்ணினது. தாள்ல காப்புரிமைத் தேதி மிஞ்சியிருக்கான்னு பாருங்க. தாளைத் தண்ணி தொட்டுத் துடைச்சிடாதீங்க, பெட்டியோட மதிப்புல பாதி அதுலதான் இருக்கு.

சுருள் சுத்தும்போது காந்தப் புலம் ஏறி இறங்குறதால கொஞ்சம் வோல்ட்டேஜ் வரும். அது மட்டும் ஆளை உலுக்காது. சூட்சுமம் அச்சு மேல உரசிக்கிட்டிருக்கிற சின்ன ஸ்பிரிங் தகட்டுல இருக்கு. சுழற்சியில ஒரு பகுதி நேரம் அந்தத் தகடு சுருளோட ரெண்டு முனையையும் ஒண்ணாச் சேர்த்து ஷார்ட் பண்ணி வைக்கும். சுருளுக்குள்ள கரண்ட் நல்லா ஏறின சமயத்துல அச்சுல வெட்டியிருக்கிற இடம் வந்து தொடர்பு பட்டுன்னு அறுந்துடும். ஓடிக்கிட்டிருந்த கரண்ட் நிக்காது, வேற வழி தேடும். அந்த நேரத்துல இருக்கிற ஒரே வழி ரெண்டு பித்தளைக் குழாயையும் பிடிச்சிருக்கிற மனுஷன். பழைய ட்யூப்லைட்ல ஸ்டார்ட்டர் திறக்கிறப்ப சோக் ஒரு உதை குடுக்குமே, அதே வேலைதான்.

ஆகவே ஷாக் வரலேன்னா முதல் சந்தேகம் தகடு மேல. மல்டிமீட்டரை ஓம்ல வச்சு ரெண்டு ஒயர் முனையிலயும் மாட்டிட்டு, கைப்பிடியை ரொம்ப மெதுவா ஒரு சுத்து சுத்துங்க. கொஞ்ச தூரம் பூஜ்யம் பக்கத்துல காட்டணும், அப்புறம் சுருளோட ரெசிஸ்டன்ஸ் காட்டணும், திரும்ப பூஜ்யம். முழுச் சுத்தும் பூஜ்யமே காட்டினா தகடு வளைஞ்சு அச்சை விடாமப் பிடிச்சிருக்கு, இல்ல வெட்டுக்குள்ள எண்ணெயும் பித்தளைத் தூளும் அடைச்சிருக்கு. பூஜ்யமே வராம சுருள் ரெசிஸ்டன்ஸ் மட்டும் காட்டினா தகடு தளர்ந்துபோய் தொடவே இல்ல. எங்கேயும் அளவே வரலேன்னா எங்கயோ கம்பி அறுந்திருக்கு. இதுல பாதி நேரம் ஆளை ஏமாத்துறது துணி ஒயர்தான், குழாயோட கழுத்துல உள்ளுக்குள்ள அறுந்திருக்கும், வெளியில துணி முழுசாத் தெரியும். ஒயரைக் கழட்டிட்டு திருகுமுனையில நேரா அளந்து பாருங்க. ரெண்டு சுருளையும் தனித்தனியா அளந்தா கிட்டத்தட்ட ஒரே அளவு வரணும். அளக்கும்போது மீட்டர் ஊசியோட உலோகத்தை விரல்ல தொடாதீங்க. எடுக்கிற நேரத்துல மீட்டர் குடுத்த அந்தத் துளி கரண்ட்டுக்கே சுருள் சுருக்குன்னு ஒரு கடி கடிக்கும்.

சுத்தம் பண்றதுல தப்பு நடக்கிறது மூணு இடம். தகட்டுக்கு உப்புத்தாள் போடக்கூடாது, ஒரு விசிட்டிங் கார்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல நனைச்சு தகட்டுக்கும் அச்சுக்கும் நடுவுல நாலு தடவை இழுத்தாப் போதும். எண்ணெய் அச்சோட ரெண்டு தாங்கியில ஒவ்வொரு சொட்டு, தையல் மெஷின் எண்ணெய். தகட்டுப் பக்கம் வழிஞ்சா தொடர்பு போச்சு. சுருள் மேல எதையும் தெளிக்காதீங்க, அந்தக் காலத்துக் கம்பிக்கு எனாமல் கிடையாது, பட்டு நூலோ பருத்தி நூலோதான் காப்பு. ஸ்ப்ரே பட்டா நூல் ஊறி, பச்சைக் களிம்போட சேர்ந்து சுத்துக்குச் சுத்து ஷார்ட்.

காந்தத்தைக் கழட்டணும்னா முனை ரெண்டையும் சேர்த்து ஒரு இரும்புப் பட்டை வச்சுட்டுக் கழட்டுங்க. தட்டாதீங்க, சூடு காட்டாதீங்க. இது பழைய எஃகுக் காந்தம், இப்போ கிடைக்கிற நியோடிமியம் மாதிரி முரட்டுச் சாமான் இல்ல. முனைகளுக்குப் பக்கத்துல நகர்ற மாதிரி ஒரு இரும்புத் துண்டும் அதை இழுக்க வெளியில ஒரு குமிழும் இருக்கும், அதுதான் ‘வால்யூம்’. துண்டு முனையை ஒட்டினா காந்தப் புலம் அது வழியாவே போயிடும், சுருளுக்குக் கிடைக்காது, ஷாக் குறையும். துருப்பிடிச்சு அது ஒட்டின நிலையிலயே நின்னுட்டாலும் உங்க பெட்டி ஊமைதான்.

வேலை செய்யுதான்னு பார்க்க மனுஷக் கை வேண்டாம். லாமிங்டன் ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடையில 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு, சின்ன நியான் பல்பு ஒண்ணு, அதுக்குத் தொடரா 100 கிலோ ஓம் ஒண்ணு. எல்லாம் சேர்த்து ஒரு டீ காசு. முதல்ல நியானையும் அதோட 100 கிலோ ஓமையும் மட்டும் ஒயர் முனையில மாட்டிச் சுத்துங்க. மினுக்கினா உச்சம் எழுபது வோல்ட் பக்கம் தாண்டுதுன்னு அர்த்தம். அப்புறம் 1 கிலோ ஓமை இணையாப் போடுங்க, அது ஈரக் கையோட பிடிச்சிருக்கிற உடம்புக்குப் பதில். அப்பவும் மினுக்கினா பெட்டி நல்ல ஆரோக்கியம். மல்டிமீட்டர் ஏ.சி.யில காட்டுற எண்ணை நம்பாதீங்க. ஊசி மாதிரி உயர்ந்து விழுற பல்ஸை அது சராசரி பண்ணிச் சின்னதாக் காட்டும், “இவ்வளவுதானா”ன்னு நினைச்சு ஆளைப் பிடிக்க வச்சிடுவீங்க.

வேகத்தையும் கணக்குப் பண்ணிக்கோங்க. அச்சுல ஒரு சாக்பீஸ் புள்ளி வச்சு, கைப்பிடி ஒரு சுத்துக்கு அச்சு எத்தனைன்னு எண்ணுங்க. எட்டுன்னு வச்சா, நொடிக்கு ரெண்டு சுத்து சுத்தினா அச்சு 16, சுத்துக்கு ரெண்டு வெட்டு இருந்தா நொடிக்கு 32 பல்ஸ். அந்த வேகத்துல தசை தனித்தனியாத் துடிக்காது, ஒட்டுமொத்தமா இறுகிடும். குழாயைப் பிடிச்ச கை தானா விடாது. சுத்துறவர் நிறுத்தணும்.

-----

பழஞ்சுவடி:

குணமானதா என்ற கேள்விக்கு வருகிறேன். சுருக்கமான பதில்: சிலருக்குக் குணமானது, ஆனால் பெட்டியால்தான் என்று சொல்ல முடியாது. நீண்ட பதில் மேக்னெட்டோவுக்கு ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு முன்பே தொடங்குகிறது.

மின்சாரம் என்ற சொல்லே இல்லாத காலத்தில், கி.பி. 47 வாக்கில், ரோம மருத்துவர் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ் கவுட் என்ற மூட்டு வலிக்கு ஒரு முறை எழுதிவைத்தார். உயிருள்ள கறுப்பு மின்திருக்கையைக் காலடியில் போட்டு, அலை வந்துபோகும் ஈரக் கரையில் நிற்க வேண்டும். பாதத்திலிருந்து முழங்கால் வரை மரத்துப்போகும் வரை நிற்க வேண்டும். தீராத தலைவலிக்கு அதே மீன் தலையில். கரை ஏன் ஈரமாக இருக்க வேண்டும் என்று அவருக்குக் காரணம் தெரிந்திருக்காது, ஆனால் காய்ந்த மணலில் மின்சுற்று முழுமையாகாது.

1745-46-இல் மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் கண்ணாடிப் பாத்திரமான லெய்டன் ஜாடி வந்ததும் மீனைத் தேட வேண்டிய அவசியம் போயிற்று. ஜெனீவாவில் ஜலாபேர், கை செயலிழந்த பூட்டுத் தொழிலாளி ஒருவருக்குத் தீப்பொறி கொடுத்துத் தசை துடிப்பதைக் காட்டினார். செய்தி ஐரோப்பா முழுக்கப் பரவியது, பக்கவாதக்காரர்கள் மின்சாரம் வைத்திருப்பவர்கள் வீட்டு வாசலில் நிற்க ஆரம்பித்தார்கள்.

அப்படி வந்தவர்களைப் பற்றி நேர்மையாக எழுதியவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். 1757-இல் மருத்துவர் ஜான் பிரிங்கிளுக்கு எழுதிய கடிதத்தில் முறையை அளவோடு சொல்கிறார். நோயாளியைக் காப்பிட்ட முக்காலி மேல் நாற்காலியில் உட்காரவைத்து, விழுந்த பக்கமெங்கும் பெரிய பொறிகளை இழுப்பது. பிறகு ஆறு கேலன் கொள்ளளவுள்ள லெய்டன் ஜாடிகள் இரண்டை முழுக்க ஏற்றி, இரண்டின் அதிர்ச்சியையும் சேர்த்து அந்தக் கை கால் வழியே விடுவது. ஒரு நாளைக்கு மூன்று முறை. ஒவ்வொரு ஜாடியிலும் தகடு ஒட்டிய பரப்பு மூன்று சதுர அடி. முதலில் கை கால் சூடானது, மறுநாள் காலை ஊசி குத்துவது போல் உணர்ச்சி, கொஞ்சம் அசைவும் கூடியது. ஐந்தாம் நாள் வரை முன்னேற்றம், அதற்குப் பிறகு ஏறியதாக நினைவில்லை என்கிறார். மனம் தளர்ந்து வீடு திரும்பினார்கள், பழைய நிலைக்கே போனார்கள். அந்த ஐந்து நாள் முன்னேற்றம்கூடத் தினமும் பயணம் செய்து வந்த உடற்பயிற்சியாலா, குணமாகும் என்ற நம்பிக்கையாலா என்று தீர்மானமாகச் சொல்ல மாட்டேன் என்றும் எழுதினார். தானே ஒரு சிகிச்சையைச் செய்துவிட்டு இப்படி எழுதியவர்கள் அந்த நூற்றாண்டில் அபூர்வம்.

அவர் கொடுத்தது எவ்வளவு? கண்ணாடி 3 மி.மீ. கனம் என்று வைத்துக்கொண்டால் ஒரு ஜாடிக்குச் சுமார் 5 நானோஃபாரட். இரண்டும் சேர்ந்து 10. இருபதாயிரம் வோல்ட் ஏற்றினால் 2 ஜூல் ஆற்றல். ஆயிரம் ஓம் உடம்பில் இது மைக்ரோ நொடிகளில் தீர்ந்துவிடும். ஒரே ஒரு துள்ளல், அவ்வளவுதான்.

நம்பிக்கைக்கு எவ்வளவு பங்கு என்பதையும் ஒருவர் சோதித்துப் பார்த்துவிட்டார். 1796-இல் எலிஷா பெர்கின்ஸ் என்ற அமெரிக்கர் மூன்று அங்குல உலோகக் கோல்கள் இரண்டுக்குக் காப்புரிமை வாங்கி, வலிக்கும் இடத்தில் தடவினால் வலி இறங்கும் என்று விற்றார். 1799-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் ஜான் ஹேகார்த் மரத்தில் அதேபோலக் கோல்கள் செய்து உலோகம் மாதிரி வண்ணம் பூசி, நாள்பட்ட மூட்டுவலிக்காரர்கள் ஐந்து பேரிடம் தடவினார். நான்கு பேர் வலி குறைந்தது என்றார்கள். மறுநாள் உண்மையான உலோகக் கோல், அதே பலன். மாமிக்குப் பெட்டியைக் கொடுக்கும் முன் இந்த ஐந்து பேரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே சரக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெல்ட்டாக வந்தது. புல்வர்மாக்கர் சங்கிலி என்று ஒன்று, சின்ன மரத்துண்டுகள் மேல் துத்தநாகக் கம்பியும் செம்புக் கம்பியும் சுற்றிக் கோத்தது. வினிகரில் முக்கி இடுப்பில் கட்ட வேண்டும். இது உண்மையாகவே மின்கலம், மின்சாரம் நிஜமாகவே ஓடும். பிடித்துவைத்த இடத்தில் தோல் புண்ணாகும், அதுவே ‘வேலை செய்கிறது’ என்பதற்குச் சாட்சியாகிவிடும்.

ஏமாற்றுக்காரர்கள் நடுவில் உருப்படியாக வேலை செய்தவர் பாரிஸின் டுஷேன். உடம்பு முழுக்க ஷாக் கொடுப்பதை விட்டு ஒரு தசையை மட்டும் தொட வேண்டும் என்றார். உலர்ந்த உலோக முனையை உலர்ந்த தோலில் வைத்தால் எரிச்சல் தோலோடு நிற்கிறது, ஈரப் பஞ்சு வைத்த முனையை அழுத்தினால் தோல் தப்பித்து அடியில் இருக்கும் தசை மட்டும் சுருங்குகிறது. 1855-இல் இதைப் புத்தகமாகவே எழுதினார். இரண்டு வருஷத்தில் ஜெர்மனியின் ஸீம்ஸென் உடம்பின் எந்தப் புள்ளியில் தொட்டால் எந்தத் தசை அசையும் என்று வரைபடம் போட்டார். மாட்டுங்கா வாசியின் பெட்டியில் உள்ள பித்தளைக் குழாய்கள் டுஷேனுக்கு முந்தைய சிந்தனை: இரண்டு கையிலும் பிடி, நெஞ்சு வழியே போகட்டும், எதாவது ஒன்று குணமாகும்.

-----

இயன்முறை:

பிசியோதெரபி கோணத்தில் சொல்கிறேன். பழஞ்சுவடி விட்ட இடத்திலேயே விஷயம் இருக்கிறது. எத்தனை வோல்ட் என்பதைவிட ஒரு துடிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதுதான் முக்கியம்.

தசையை நேரடியாகத் தூண்டுவது கஷ்டம், அதற்குப் போகும் நரம்பைத் தூண்டுவது சுலபம். உயிரோடிருக்கும் நரம்புக்கு 0.1 முதல் 1 மில்லி செகண்ட் துடிப்பே போதும். நரம்பு அறுந்து உலர்ந்துவிட்ட தசைக்கு அந்தத் துடிப்பு கேட்கவே கேட்காது. அதற்குப் பத்து மில்லி செகண்டுக்கு மேல், வழக்கமாக 100 மில்லி செகண்ட் வரை, நீண்ட துடிப்பு வேண்டும். சுருங்குவதும் வெடுக்கென்று இருக்காது, புழு நெளிவது போல மந்தமாக இருக்கும். 1868 வாக்கில் ஜெர்மன் நரம்பியலாளர் எர்ப் இதை நோய் கண்டறியும் முறையாகவே ஆக்கினார். தூண்டு சுருளின் குறுந்துடிப்புக்குப் பதில் இல்லை, மின்கலத்தின் நீண்ட துடிப்புக்கு மந்தமான பதில் உண்டு என்றால் நரம்பு போய்விட்டது. தசையின் மின்துடிப்பைப் பதிவு செய்யும் எலக்ட்ரோமயோகிராபி வரும் வரை பல பத்தாண்டுகள் இந்தச் சோதனைதான் ஓடியது. மின்சாரம் மருத்துவத்துக்குச் செய்த முதல் உறுதியான உதவி சிகிச்சை அல்ல, நோயறிதல் என்பேன்.

இதை வைத்து உங்கள் பெட்டியைப் பாருங்கள். மேக்னெட்டோ கொடுப்பது குறுந்துடிப்பு. பக்கவாதத்தில் கெட்டுப்போனது மூளைப் பாதை, கைக்குப் போகும் நரம்பு நன்றாகத்தான் இருக்கிறது. அதனால் பெட்டியைச் சுற்றினால் கை துள்ளும். பார்க்கிறவர்கள் உயிர் வந்துவிட்டது என்பார்கள். மூளையில் எதுவும் மாறியிருக்காது. ஃபிராங்க்ளின் கண்டது அதுதான். மாறாக, முகவாதத்தில், அதாவது பெல்ஸ் பால்ஸியில், நரம்பு முழுக்கக் கெட்டிருந்தால் பெட்டியால் ஒரு இழையும் அசையாது. நரம்பு அழுத்தத்தில் மட்டும் இருந்தால் அசையும், ஆனால் அப்படிப்பட்டவர்களுக்கு மருந்தே இல்லாமலும் பெரும்பாலும் சரியாகிவிடும். பத்தில் ஏழு பேருக்கு முகம் தானாகவே முழுமையாகத் திரும்பிவிடுகிறது. மூன்று வாரம் பெட்டி சுற்றியவருக்கு அந்தப் புகழ் போய்ச் சேர்ந்தது.

புல்வர்மாக்கர் பெல்ட் ஏன் புண்ணாக்கியது என்பதையும் சொல்லிவிடலாம், இன்றைக்கும் கிளினிக்கில் நடக்கிற தப்பு அது. ஒரே திசையில் ஓடும் கால்வானிக் கரண்ட் தோலில் இருக்கும் உப்பைப் பிரிக்கும். எதிர்முனைக்கு அடியில் காரம், நேர்முனைக்கு அடியில் அமிலம். காரம் தோலை இளக்கிக் கரைக்கும், அதனால் எதிர்முனைப் புண்தான் ஆழம். அதைத் தடுக்கத்தான் முனைக்கும் தோலுக்கும் நடுவில் தடிமனான லின்ட் என்ற பருத்தித் துணி. குறுந்துடிப்பான ஃபாரடிக் கரண்டுக்கு எட்டு மடிப்பு போதும், கால்வானிக் என்றால் ஒரு செ.மீ. கனமாவது வேண்டும். வெதுவெதுப்பான 1 சதவீத உப்புநீரில் ஊறி, சொட்டாமல் பிழிந்திருக்க வேண்டும். உலோகத் தகடு துணியைவிடச் சுற்றிலும் சிறியதாக இருக்க வேண்டும். தகட்டின் ஓரம் துணிக்கு வெளியே எட்டிப் பார்த்தாலோ, துணி ஒரு மூலையில் காய்ந்தாலோ, கரண்ட் முழுக்க அந்த ஒரு புள்ளியில் குவிந்து காசளவு தீக்காயம் வரும். எதிர்முனையில் ஒரு சதுர செ.மீ.-க்கு 0.5 மில்லி ஆம்பியர் மேல் போகக் கூடாது. தோலில் உணர்ச்சி இருக்கிறதா என்று வெந்நீரும் குளிர்ந்த நீரும் நிரப்பிய சோதனைக் குழாய்களால் முதலில் சோதிக்க வேண்டும். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர் “ஒண்ணும் தெரியலையே, இன்னும் ஏத்துங்க” என்பார், ஏற்றினால் அன்றைக்குத் தெரியாது, மறுநாள் கொப்புளம்.

மாமி சொல்லும் ‘கரண்ட் வைக்கிறது’ அநேகமாக ஐ.எஃப்.டி. அல்லது டென்ஸ், இரண்டும் தோல் வழியே கரண்ட் கொடுத்து வலியைக் குறைக்கப் பார்க்கும் முறைகள். ஐ.எஃப்.டி.யில் 4,000 ஹெர்ட்ஸும் 4,100 ஹெர்ட்ஸும் போல இரண்டு கரண்டுகள் முழங்காலில் குறுக்கே சந்திக்கும், சந்திக்கிற இடத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை, அதாவது 100 ஹெர்ட்ஸை, நரம்பு உணரும். டென்ஸுக்குப் பின்னால் இருப்பது 1965-இல் மெல்ஸாக்கும் வாலும் முன்வைத்த வாயில் கொள்கை: தொடு உணர்வு நரம்புகளைத் தொடர்ந்து தூண்டினால் தண்டுவடத்தில் வலிச் செய்திக்கு வழி குறுகும். வழக்கமான அமைப்பு 80 முதல் 120 ஹெர்ட்ஸ், துடிப்பு 50 முதல் 100 மைக்ரோ செகண்ட், சுருக்கென்று இருக்க வேண்டும், தசை துடிக்கக் கூடாது. அந்தப் பெட்டியால் இது எதையும் கொடுக்க முடியாது. சுற்றுகிறவரின் கைவேகம்தான் அதன் ஹெர்ட்ஸ்.

டென்ஸைப் பற்றியும் பெரிதாக நினைக்க வேண்டாம். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-இல் மூட்டுத் தேய்மானத்துக்கான வழிகாட்டியில் டென்ஸ், ஐ.எஃப்.டி. எதையும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது, பலனுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதால். அதே வழிகாட்டி எல்லோருக்கும் சொல்வது உடற்பயிற்சி. மாமிக்கு முழங்காலுக்கு அடியில் சுருட்டிய டவல் வைத்து, டவலை அழுத்தித் தொடையை இறுக்கி ஐந்து நொடி பிடிப்பது, பத்து முறை, ஒரு நாளில் மூன்று வேளை. இது கரண்ட் பில்லும் ஏற்றாது.

பேஸ்மேக்கர் வைத்தவர், வலிப்பு உள்ளவர், கர்ப்பிணி, இதயத்துடிப்புக் கோளாறு உள்ளவர் இந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வேண்டாம். மற்றவர்களும் இரண்டு கையில் பிடிக்க வேண்டாம், ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகிற வழியில்தான் இதயம் இருக்கிறது.

-----

கல்யாண் லோக்கல்:

கொஞ்சம் கடுமையாகவே கேட்கிறேன். ஃபிராங்க்ளினிலிருந்து பெல்ட் வரை எல்லாம் ஏமாற்று என்றால், மனநல ஆஸ்பத்திரியில் தலைக்கு ஷாக் வைக்கிறார்களே, அதுவும் அதே குட்டையில் ஊறிய மட்டைதானே? சினிமாவில் பார்க்கிறோம், ஆளை நாலு பேர் அமுக்கிப் பிடிக்கிறார்கள்.

-----

பழஞ்சுவடி:

இல்லை. மட்டை வேறு, குட்டையும் வேறு. சினிமாவில் வருவது மயக்க மருந்து இல்லாத பழைய முறை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆவது பிரிவு அதைத் தடை செய்துவிட்டது. மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் கட்டாயம். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தடை, காப்பாளரின் சம்மதமும் மனநல மறுஆய்வு வாரியத்தின் முன் அனுமதியும் இருந்தால் மட்டும் விதிவிலக்கு.

வரலாற்றில் இது வந்த வழியும் தனி. ரோமில் செர்லெட்டியும் பினியும் முதலில் நாய்களில் செய்தபோது பல செத்துப்போயின. ஒரு முனை வாயில், மறு முனை ஆசனவாயில் வைத்திருந்தார்கள், கரண்ட் இதயத்தைக் கடந்து போனது. இரண்டு முனைகளையும் தலையின் நெற்றிப்பொட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் 1938 ஏப்ரலில் மனிதருக்குக் கொடுத்தார்கள். மேலே சொன்ன இதய வழி இங்கேயும் அதே கதை. இங்கே சிகிச்சை ஷாக் அல்ல, அது கிளப்பும் வலிப்பு. வலிப்பு வந்தால்தான் பலன், வராவிட்டால் வெறும் ஷாக். கடுமையான மனச்சோர்விலும், சாப்பாடு தண்ணீர் இல்லாமல் உறைந்து உட்காரும் காட்டடோனியாவிலும் இது வேலை செய்வது சோதனைகளில் உறுதிப்பட்டது.

இதிலும் துடிப்பின் நேரம்தான் பக்க விளைவைத் தீர்மானிக்கிறது. பழைய எந்திரம் வீட்டு மின்சாரத்தின் அலையையே கொடுத்தது, ஒவ்வொரு அரை அலையும் எட்டுப் பத்து மில்லி செகண்ட். இப்போது 0.5 முதல் 2 மில்லி செகண்ட் வரையிலான சதுரத் துடிப்பு, அதிலும் குறைந்து 0.3 வரை. வலிப்பை வரவழைக்க மின்னூட்டம் குறைவாகவே போதும், ஞாபக மறதியும் குறைகிறது. மறதி அறவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொரு ஷாக்கும் இருக்கிறது, அதை யாரும் ஏமாற்று என்பதில்லை. 1899-இல் ஜெனீவாவில் பிரெவோவும் பத்தெல்லியும் நாய்களில் பார்த்தது: சின்ன ஷாக் இதயத்தை நடுங்க வைக்கிறது, பெரிய ஷாக் அந்த நடுக்கத்தை நிறுத்துகிறது. அதை மனிதரில் செய்ய 48 வருஷம் ஆனது. 1947-இல் கிளீவ்லாந்தில் கிளாட் பெக், அறுவை மேஜையில் திறந்த நெஞ்சோடு கிடந்த 14 வயதுப் பையனின் இதயத்தை நேரடியாக ஷாக் கொடுத்து மீட்டார். நெஞ்சைத் திறக்காமல் வெளியிலிருந்து 1956-இல் ஸோல் செய்தார். லவுன் 1962-இல் நேர் மின்சாரத் துடிப்புக்கு மாறினார், அதுதான் இன்று ஆம்புலன்ஸில் இருப்பது, 120 முதல் 360 ஜூல். ஃபிராங்க்ளினின் 2 ஜூலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

-----

மாட்டுங்கா வாசி:

எல்லோருக்கும் நன்றி. மாமிக்கு டவல் பயிற்சியைச் சொல்லியாயிற்று. “இதுக்கு எதுக்கு சோர் பஜார் போனே” என்கிறார்.

ஒயரைக் கழற்றி அளந்தேன். கைப்பிடியை மெதுவாகச் சுற்றும்போது ஒரு பகுதியில் பூஜ்யம் வருகிறது, மீதியில் எதுவுமே இல்லை. தனித்தனியாக: முதல் சுருள் 410 ஓம், இரண்டாவது சுருள் திறந்த நிலை. இரண்டாவது சுருளின் வெளி முனையில், திருகுக்குச் சற்று முன்னால், நூல் பச்சையாக இருக்கிறது. காந்த முனைக்கு அருகில் உள்ள இரும்புத் துண்டு தாராளமாக நகர்கிறது.

-----

சுருள்கம்பி:

அப்போ தகடு நல்லா இருக்கு, வெட்டுல திறக்குது. சுருள்தான் அறுந்திருக்கு, அதுவும் வெளி முனையில. அதிர்ஷ்டம். உள் முனையா இருந்தா முழுச் சுருளையும் அவிழ்க்கணும்.

பச்சையான இடத்துல நூலை ஊசி முனையால மெதுவாப் பிரிச்சு, அரைச் சுத்து மட்டும் அவிழுங்க. கம்பி தலைமுடி மாதிரி இருக்கும், இழுக்காதீங்க. களிம்பு போய் செம்பு பளிச்சுனு தெரியற இடம் வரைக்கும் போய், அங்க கத்தி போடாம கண்ணாடி நார் பென்சிலால சுரண்டுங்க. ஆசிட் ஃப்ளக்ஸ் வேண்டவே வேண்டாம், ஒரு வருஷத்துல திரும்பப் பச்சையாகும். ரோசின் உள்ள ஈயம், 25 வாட் சால்டரிங் இரும்பு, தொட்டவுடனே எடுத்துடணும். ஒட்டுப்போட மெல்லிய ஒரு இழைச் செம்புக் கம்பி, திருகு வரைக்கும் கொஞ்சம் தளர்வா விடுங்க. மேல பட்டு நூல் ரெண்டு சுத்து, ஷெல்லாக் ஒரு தடவல், ஒரு நாள் காய விடுங்க.

அப்புறம் அளந்தா ரெண்டாவதும் 410 பக்கத்துல வரணும், தொடர்ல 820. ரெண்டாவது மட்டும் 200, 300-ன்னு வந்தா உள்ள சுத்துகள் ஷார்ட் ஆகியிருக்கு. பெட்டி ஓடும், ஆனா நியான் மினுக்காது. அந்த நிலையில அப்படியே விட்டுடுங்க, தாளும் பெட்டியும் முழுசா இருக்கிறதே பெரிசு.